ஒரே அண்டா

பத்திரிகை வேலையை விட்டு, அருப்புக்கோட்டையில் ஒரு கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளிக்கு நான் தமிழாசிரியராக வந்த ஆண்டில்தான் புதிய தலைமையாசிரியையும் வந்தார். கன்னியாஸ்திரீ, குரலை உயர்த்திப் பேசாதவர்.

பள்ளியின் பாதுகாவலர் திருநாளில் அசனம் உண்டு. எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. ஆனால் அது கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மட்டும் என்றுதான் வழக்கம். மற்றவர்களுக்கு, அதாவது பள்ளியில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு, ஆளுக்கொரு லட்டு கொடுத்து மதியமே அனுப்பிவிடுவார்கள்.

“இந்த வருஷம் எல்லாருக்கும் அசனம். எல்லார் வீட்டு அரிசியிலும்” என்றார் சிஸ்டர், பெற்றோர் கூட்டத்தில். “வீட்டுல என்ன அரிசி வேகுதோ, அதுல ஒரு டம்ளர் கொண்டு வரட்டும். யாரும் கடையில வாங்க வேண்டாம்.”

பரளச்சிப் பக்கத்து லாரிக்காரர் ஒருவர் எழுந்தார். மகள் பத்தாம் வகுப்பு.

“தப்பா எடுத்துக்கக் கூடாது சிஸ்டர். எங்க ஊர்ல பொங்கலுக்கே தெருவுக்கு ஒரு பானை. எந்தத் தெரு அரிசின்னு தெரியாம எப்படிச் சாப்பிடுறது? எங்க பிள்ளைகளுக்குத் தனி அண்டா வச்சிருங்க. அரிசி லோடு நானே இறக்குறேன்.”

“ஒரே அண்டாதான்.”

“அப்ப என் மக சாப்பிட மாட்டா.”

“பரிமாறுற பிள்ளைகளுக்கு அவதான் தலைவி. அவளாக் கேட்டு வாங்கின பொறுப்பு.”

பின்வரிசைகளில் பலர் லாரிக்காரருக்குத் தலையாட்டியதைப் பார்த்தேன். பள்ளியின் தாளாளரான பாதிரியாரும் பார்த்திருக்க வேண்டும். “இந்தத் தடவை மட்டும். சிக்கல் வந்தா பழையபடிதான்” என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டார்.

திருநாள் காலை, பிள்ளைகள் வரிசையாக வந்து விரிப்பில் அரிசியைக் கொட்டினார்கள். சமையல்காரர் ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

“பொன்னி, ரேஷன் புழுங்கல், பச்சரிசி, நடுவுல குதிரைவாலி. இது ஒண்ணா வேகாது சிஸ்டர். ஒண்ணு கொழஞ்சிரும், ஒண்ணு நறுக்குன்னு நிக்கும்.”

கூட்டத்தில் தெருவைப் பற்றித்தான் பேசியிருந்தோம். அரிசியைப் பற்றி யாரும் பேசவில்லை.

“ரெண்டு மூடை பொன்னி வாங்கிருவோம். யாருக்குத் தெரியப்போகுது?” என்றார் சமையல்காரர்.

“கொட்டுன அரிசி எங்கேன்னு பிள்ளைங்க கேட்பாங்க” என்றார் சிஸ்டர்.

பெற்றோர் சங்கத்தில் இருந்த வத்தல் வியாபாரி, எல்லோரும் பாய் என்று அழைப்பவர், விரிப்பருகே வந்தார். “எதுக்கு முழிக்கிறீக? கொழையட்டும். நோன்புக்கு நாங்க காய்ச்சுற கஞ்சி கொழைஞ்சாத்தானே நல்லாருக்கும்? பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம், தேங்காப்பால். அம்புட்டுதான்.”

“அசனத்துக்குக் கஞ்சியா? வச்ச சாம்பார எங்க ஊத்துறது பாய்?”

“உம்ம தலையில ஊத்தும்.”

“தண்ணிய ஏத்துங்க மாஸ்டர்” என்றார் சிஸ்டர்.

வாழை இலைகள் ஓரமாகக் கிடந்தன. சத்துணவுக் கூடத்து டம்ளர்கள் வெளியே வந்தன.

பந்தி நடக்கும்போது லாரிக்காரரின் பைக் வாசலில் நின்றது. மகளைக் கூட்டிப்போக வந்திருந்தார். சிஸ்டர் தானே நடந்துபோனார்.

“நாந்தான் அன்னைக்கே சொன்னேன்ல சிஸ்டர்.”

“நானும் சொன்னேன். கூப்பிடுங்க. வந்தா கூட்டிட்டுப் போங்க.”

அவர் கூப்பிட்டார். கரண்டியோடு திரும்பிப் பார்த்த மகள், “இன்னும் ரெண்டு வரிசை இருக்குப்பா” என்றாள்.

இரண்டு வரிசைக்கும் ஊற்றினாள். கடைசியாகத் தானும் ஒரு டம்ளர் நின்றபடியே குடித்து, குழாயில் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

“என்னத்தக் குடிச்ச?”

“கஞ்சி. நம்ம வீட்டு அரிசியும் அதுல கெடக்கு. அம்மாதான் குடுத்துவிட்டா.”

அவர் மகளைப் பார்த்தார். பிறகு பைக்கை உதைத்தார்.

அவர்கள் போனதும் தாளாளர் வந்து, ஏதாவது சிக்கல் உண்டா என்று கேட்டார்.

“உண்டு ஃபாதர்” என்றார் சிஸ்டர். “இலை வாங்கினது வீண். அடுத்த வருஷம் டம்ளர் போதும்.”