தங்கச்சி வரக்கூடிய ஏர்போர்ட்

“ஒரு நாட்டிலையாவது எல்லாரும் ஒண்டா இருந்திருக்கக் கூடாதே.”

செல்வநாயகி இதைச் சொல்லாமல் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரத்து ஹில்ஸ்பரோவில் ஒரு நாளும் விடிந்ததில்லை. காலையில் தேத்தண்ணீர் ஊற்றும்போது சொல்வாள். டிவியில் உலக வானிலை வரும்போது பாரிசில் மழை என்றால் ஒரு தரம் சொல்வாள், ஜேர்மனியில் குளிர் என்றால் இன்னொரு தரம் சொல்வாள். அவள் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்துச் சலவை அறையில். அங்கே கட்டில் விரிப்பின் மறு முனையைப் பிடித்து நிற்கும் சமோவாப் பெண்ணிடமும் தமிழிலேயே சொல்வாள். அந்தப் பெண்ணும் எல்லாம் விளங்கின மாதிரித் தலையாட்டுவாள்.

அண்ணன் மகேசன் பாரிசில் இருந்தார். தங்கை கண்மணி ஜேர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தாள். நடுவிலே பிறந்த செல்வநாயகியைக் கணவர் கதிர்காமநாதனின் வேலை 1988இல் ஒக்லாந்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. கண்மணி அவளுக்குப் பதினான்கு வயது இளையவள். தாய் படுக்கையில் விழுந்த பிறகு அந்தப் பிள்ளைக்குத் தலை இழுத்ததும், பேன் பார்த்ததும், சோதனைக்குப் படி படி என்று கத்தினதும் செல்வநாயகிதான். புறப்பட்டு வந்த நாளில் கண்மணிக்குப் பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு ஒன்பது வருடமாகக் குரல் மட்டும்தான்.

நியூசிலாந்து பாஸ்போர்ட் 1996இல் கைக்கு வந்தது. அடுத்த வருடம் செப்டம்பரில் மூன்று கிழமை லீவு கேட்டு வாங்கினாள். மகள் நிருஜாவுக்குப் பள்ளிச் சோதனை நெருங்கியதால் கதிர்காமநாதன் வீட்டில் நிற்க, செல்வநாயகி தனியே போவதென்று முடிவானது. எந்த ஏர்போர்ட்டில் இறங்குவது என்பதில்தான் சண்டை தொடங்கியது.

கதிர்காமநாதன் லண்டன் என்றார். இங்கே எல்லாரும் அப்படித்தான், ஐரோப்பா என்றால் லண்டனில் இறங்கினால்தான் ஐரோப்பா. பாஷை தெரியும், சோறு கிடைக்கும், தன் சித்தப்பாவின் மகன் காரோடு வந்து நிற்பான் என்று அவர் காரணம் அடுக்கினார்.

“உங்கட சித்தப்பான்ரை மகனைப் பார்க்கவே நான் மூண்டு கிழமை லீவு எடுத்தனான்?” என்று கேட்டாள் செல்வநாயகி. அதோடு லண்டன் முடிந்தது.

மகேசன் அண்ணனுக்கு இதில் யோசிக்கவே ஒன்றும் இருக்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத குடும்பத்தில் மூத்தவர் அவர். வெளிநாட்டிலிருந்து வருகிற தங்கை முதல் காலை அண்ணன் வீட்டில்தான் வைக்கவேண்டும். பிறகு இளையவள் வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போவாள். கலியாணவீட்டுக்குச் சொல்வது மாதிரி அவர் போனில் சொல்லிமுடித்துவிட்டார். கண்மணியைக் கேட்டபோது அவளும், “ஓம் அக்கா, அண்ணை வீட்டை இறங்குங்கோ, நான் வருவன்” என்றாள்.

நிருஜாவின் பள்ளிக்கூட அட்லசை எடுத்து மேசையில் விரித்துப் பார்த்தாள் செல்வநாயகி. பிரான்சும் ஜேர்மனியும் அவளுடைய கட்டைவிரலுக்குக் கீழே அடங்கிவிட்டன. நிருஜா அடிமட்டம் வைத்து அளந்து, இங்கிருந்து வெலிங்டனுக்குப் போகிற தூரம்தான் வரும் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வோக்மனைக் காதில் மாட்டிக்கொண்டாள். வெலிங்டனுக்குக் காரில் ஒரு பகல் போதும். ஐரோப்பாவில் ரயில் வேறு ஓடுகிறது. கண்மணி காலையில் ஏறினால் பின்னேரம் பாரிசில் நிற்பாள். செல்வநாயகிக்கு மனம் ஆறியது. பாரிஸ் என்று முடிவுகட்டினாள்.

சரியான வீட்டுக்காரி அவள். எதையும் மணிக்கணக்குப் பார்த்துத்தான் செய்வாள். விருந்தாளி எத்தனை மணிக்கு வருகிறார் என்று தெரியாமல் அரிசி கழுவமாட்டாள். ஆகவே அடுத்த ஞாயிறு காலை கண்மணிக்குப் போன் எடுத்தாள். ஜேர்மனியில் அப்போது சனிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். கண்மணி இருந்த பெரிய பொதுக் கட்டடத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்து நடையில் ஒரு போன்தான். எத்தனை மணிக்கு ரயில், எங்கே மாறவேண்டும், எத்தனை மணித்தியாலம், பிள்ளைக்கும் டிக்கெட் வேண்டுமா என்று செல்வநாயகி பேனையும் கையுமாக இருந்து கேட்டாள்.

கண்மணிக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆறு மணித்தியாலம் இருக்கும் என்றாள். கொஞ்சம் பொறுத்து ஒன்பது என்றாள். எங்கே மாறுவது என்று கேட்டால், ஆரையும் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

செல்வநாயகி பேனையை வைத்துவிட்டாள். ஏழு வருடமாக ஜேர்மனியில் இருக்கிறாள், அண்ணன் பக்கத்து நாட்டில் இருக்கிறார், அவருடைய வீட்டுக்குப் போகிற ரயில் தெரியாதாம்.

“கண்மணி, நீ அண்ணை வீட்டை எப்பவாவது போயிருக்கிறியே?”

அந்தப் பக்கத்தில் யாரோ போனுக்குக் காத்திருந்து இருமுகிற சத்தம் கேட்டது.

“போகேலாது அக்கா” என்றாள் கண்மணி. “எனக்குத் தந்திருக்கிற கடதாசியோடை இந்த மாவட்டத்தைத் தாண்டேலாது.”

அதற்குப் பிறகு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவளுடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை அலுவலகத்தில் போய் வரிசையில் நின்று கடதாசியைப் புதுப்பிக்கவேண்டும். அவள், கணவர், அங்கே பிறந்த நாலு வயது சிவானி, மூவருக்கும் ஒரே நிலைமை. அந்தக் கடதாசியில் மாவட்டத்தின் பெயர் எழுதியிருக்கிறது. அதற்கு வெளியே கால் வைக்க அனுமதி கேட்கவேண்டும். வேறு நாட்டுக்குப் போக அனுமதியே இல்லை. செப்டம்பர் வந்ததும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அக்காவுக்கு ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாளாம்.

“நீங்கள் அழுவியள் எண்டுதான் சொல்லேல்லை.”

“நான் அழுறன், அழாமல் விடுறன். அது என்ரை பாடு” என்றாள் செல்வநாயகி. அழவில்லை. கோபத்தில் காது சுட்டது. இந்தப் பொய் நம்முடைய ஆட்களுக்கு மட்டும்தான் வரும். கடலுக்கு அங்கால் இருக்கிறவருக்குக் கவலை கொடுக்கக்கூடாது என்று எல்லாரும் எல்லாரிடமும் நல்லாயிருக்கிறோம் என்பார்கள். அதை நம்பி ஒருத்தி பூமியின் மறுபக்கத்திலிருந்து பறந்து போய், பார்க்கவேண்டிய ஆளைப் பார்க்காமலே திரும்பி வருவாள்.

அன்றைக்கு அவள் சமைக்கவில்லை. கதிர்காமநாதன் பாணோடு முட்டை பொரித்துக் கொடுத்தார். அட்லஸ் மேசையிலேயே கிடந்தது. அதில் ஆறு இருந்தது, மலை இருந்தது, ரயில் பாதைகூட இருந்தது. யார் எதுவரை போகலாம் என்பது இருக்கவில்லை. தூரத்தைத்தான் அளந்தோம், தங்கச்சியின் காலை அளக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு அவள் கேட்ட கேள்வியே வேறு. உன்னுடைய மாவட்டத்துக்குள் என்ன என்ன இருக்கிறது என்று கேட்டாள். கண்மணி சொல்லிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரி, மலிவுக் கடை, சிவானியின் பாலர் பள்ளி. நாள் முழுக்கத் தலைக்கு மேல் பிளேன் இறங்குகிற சத்தம் பற்றியும் சொன்னாள். அந்த ஏர்போர்ட்டில்தான் பக்கத்து அறைக்காரி துப்புரவு வேலைக்குப் போகிறாளாம்.

“பொறு. அவளிட்டையும் உன்ரை மாதிரிக் கடதாசிதானே?”

“ஓம்.”

“அப்ப அவள் எப்பிடி அங்கை போறாள்?”

கண்மணி இதை ஒருநாளும் யோசித்ததில்லை. அது ஸ்டுட்கார்ட் ஏர்போர்ட், ஸ்டுட்கார்ட் நகரமோ தன் மாவட்டத்துக்கு வெளியே, ஆகவே ஏர்போர்ட்டும் வெளியே என்றே இருந்துவிட்டாள். கடதாசி புதுப்பிக்கப் போகிற அன்று அலுவலகத்தில் கேட்கச் சொன்னாள் அக்கா. கேட்டாள். ஏர்போர்ட் நகரத்துக்கு வெளியே வயலும் தோட்டமுமான பக்கத்தில், அவளுடைய எஸ்லிங்கன் மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

செல்வநாயகி வேலை முடிந்த கையோடு மவுண்ட் ரோஸ்கில்லில் ட்ராவல்ஸ் நடத்துகிற தமயந்தியிடம் போனாள். தமயந்தி மதுரைப் பக்கத்துப் பெண். கம்ப்யூட்டரில் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

“ஆமாக்கா, சிங்கப்பூர், ஃப்ராங்க்ஃபர்ட், அங்க மாறி ஸ்டுட்கார்ட். ஆனா நம்மாளுங்க யாரும் அங்க இறங்குனதே இல்லையே. அப்படி என்னக்கா இருக்கு அங்க?”

“தங்கச்சி இருக்கிறாள்.”

“பேசாம ஃப்ராங்க்ஃபர்ட்லயே இறங்கி ட்ரெயின் புடிக்கலாமே. இன்னும் சுலபம்.”

“எனக்குச் சுலபம். அவள் அங்கை வந்து நிக்கேலாது.”

தமயந்தி அதற்குமேல் கேட்கவில்லை. ஸ்டுட்கார்ட் என்று அடித்தாள்.

மகேசனுக்குச் சொல்வதுதான் பெரிய வேலை. செல்வநாயகி பிறந்ததிலிருந்து அண்ணனை எதிர்த்துக் கதைத்ததில்லை. போனில் விஷயத்தைச் சொன்னதும், என்னைத் தாண்டிப்போட்டு அங்கே போகிறாயோ என்று அவர் கேட்டார். ஊர்ச்சனம் என்ன சொல்லும் என்றார். பாரிசில் அவருடைய ஊர்ச்சனம் மொத்தம் பதினொரு பேர்.

“அண்ணை, அவளாலை வரேலாது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியும். உனக்கு ஏன் கவலை எண்டுதான்.”

“அப்ப கவலையை நான் பிளேனிலை ஏத்திக்கொண்டு வந்து உங்கட வாசலிலையே இறக்கவேணும் எண்டு இருந்தனீங்கள். சரி, உங்களுக்குப் பிரான்சிலை கடதாசி கிடைச்சு ரெண்டு வருசம். நீங்கள் ஏன் போய்ப் பார்க்கேல்லை?”

மூத்தவர்தான் போய் இளையவளைப் பார்க்கிறதோ என்று கேட்டார் அவர். அண்ணனுக்கு அது நியாயமாகவே பட்டது. செல்வநாயகிக்கும் போன மாதம்வரை பட்டிருக்கும். இன்றைக்குப் படவில்லை.

“நான் ஸ்டுட்கார்ட்டிலை இறங்குறன். கடைசி நாலு நாள் உங்களிட்டை வாறன். கோவிக்கிறதெண்டால் அந்த நாலு நாளும் வச்சுக் கோவியுங்கோ.”

செப்டம்பரில் ஒரு காலை அந்தச் சின்ன ஏர்போர்ட்டில் அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். கண்மணி காலை ஆறு மணிக்கே வந்து நின்றிருக்கிறாள், பிளேன் பத்து மணிக்கு. பயத்தில் கடதாசியைக் கையிலேயே பிடித்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. செல்வநாயகி முதலில் அவளை அடையாளம் காணவில்லை. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள், மெலிந்திருந்தாள், பக்கத்தில் நின்ற சிறுபிள்ளை மட்டும்தான் அச்சாய்ப் பழைய கண்மணி. கட்டிப்பிடித்ததும் தங்கை சொன்ன முதல் வார்த்தை, “அக்கா, நீங்கள் கட்டையாப் போனியள்” என்பதுதான். “நீ வளந்திட்டாய்” என்றாள் செல்வநாயகி.

பதினாறு நாள் ஒரே அறையில் நாலு பேரும் படுத்தார்கள். ஒரு பின்னேரம் அக்காவும் தங்கையும் சிவானியும் கடைத்தெரு பார்க்கலாமென்று பஸ் எடுத்தார்கள். பாதி வழியில் கண்மணி மணியை அடித்து இறங்கினாள். இதற்கு அங்கால் வரமுடியாது என்றாள். பார்த்தால் அங்காலும் அதே தெருதான், அதே ஆப்பிள் மரம்தான், ஒரு எல்லைப் பலகை மட்டும் நின்றது. நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நகரம் நல்ல வடிவாம் என்றாள். செல்வநாயகி போகவில்லை. அங்கே பஸ் தரிப்பில் இருந்த மர வாங்கில் மூவரும் இருந்து பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள். ஸ்டுட்கார்ட்டில் இறங்கியும் அந்த நகரத்தைப் பார்க்காமல் வந்தவள் அவளாகத்தான் இருக்கும்.

பாரிசில் மகேசன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் ஆட்டிறைச்சி வாங்கி வந்து தானே வெட்டினார். வெட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், பிள்ளை ஆரைப் போல என்று கேட்டார். கண்மணியைப் போல என்றாள். அந்த ரயில் எத்தனை மணித்தியாலம் என்று கேட்டார். அவள் சொன்னாள். எங்கே மாறவேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தாள். இப்போது 1998 ஜூலை. அவர் இன்னும் போகவில்லை. கடதாசித் துண்டை பர்சில் வைத்திருக்கிறாராம்.

கண்மணியின் கேஸ் அப்படியே இழுபடுகிறது. இதையெல்லாம் நான் எழுதலாமா என்று செல்வநாயகி மூலம் கேட்டபோது, “எழுதட்டும் அக்கா, ஒளிச்சு என்னத்தைக் கண்டம்” என்றாள் அவள். செல்வநாயகிக்கு இனி லீவு கிடைக்க இரண்டு வருடமாவது ஆகும்.

அதனால்தான் இந்தக் கேள்வி. இங்கே ஒக்லாந்தில், தகனினியிலும் கிளென் ஈடனிலும் இந்த வருடம் ஐரோப்பா போக எத்தனை குடும்பம் பெட்டி கட்டுகிறது? டிக்கெட் எடுக்க முதல் ஹில்ஸ்பரோவுக்குப் போய் செல்வநாயகியைப் பாருங்கள். புதனும் வியாழனும் இரண்டு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பாள். கண்மணியின் விலாசமும் பஸ் நம்பரும் தருவாள், சிவானிக்கு ஒரு குளிர் சட்டையும் தந்துவிடுவாள். பிறகு உங்கள் கையில் இருக்கிற நல்ல பாஸ்போர்ட்டோடு அந்த ஏர்போர்ட்டில் இறங்கி, கண்மணியை ஒருக்காப் போய்ப் பாருங்கள்.