பட்டியலில் நான் வெட்டிய பெயர்

டென்மார்க்கின் ஓல்போர்க்கில் யாருக்காவது தொலைபேசி எடுத்தால், நாம் வாய் திறக்குமுன்னே மறுமுனையில் இருப்பவர் தன் பெயரைச் சொல்லிவிடுவார். வந்த புதிதில் பல் வைத்தியரிடம் நேரம் கேட்க எடுத்தேன். ஒரு பெண் விறைப்பான குரலில் தன் முழுப்பெயரைச் சொன்னார். ஏதோ ஏசுகிறாராக்கும் என்று பயந்து வைத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் நடப்பது நேர்மாறு. எடுத்தவர் தான் யாரென்று நிரூபிக்க வேண்டும். "ஆர் பிள்ளை கதைக்கிறது? ஆற்ரை மகள்? எந்த இடம்?" என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொன்ன பிறகுதான் சங்கதிக்கே வரலாம்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் என் வேலையே அதுதான். வசதி குறைந்த நாடுகளில் நீரிழிவுக்காரர் வருடக்கணக்காகத் தங்கள் நோய் வருத்தத்தோடு எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. யாழ்ப்பாணத்தில் ஒரு கிளினிக்குக்கு வருபவர்களின் பட்டியல் கையில் இருந்தது. பல்கலைக்கழக அறையில் இருந்தபடி ஒவ்வொருவராக எடுத்துக் கேட்பேன். கடைசியாக எப்போது உங்கள் பாதத்தைப் பார்த்தீர்கள்? விரல் இடுக்குகளைப் பார்த்தீர்களா? புண் ஏதும் இருந்தால் யாரிடம் சொன்னீர்கள்? "டென்மார்க்கில இருந்தோ எடுக்கிறியள்? அங்கை இப்ப என்ன நேரம்? சாப்பிட்டியளோ?" என்று முதலில் என்னை விசாரிப்பார்கள். பிறகு, வீட்டில் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லாததை எனக்குச் சொல்வார்கள். கேட்க ஒரு ஆள் இருந்தால் போதும், எங்கள் சனம் சொல்லிவிடும். நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான், அதை எழுதத்தான் நான்கு வருடம்.

அந்தப் பட்டியலின் இரண்டாம் பக்கத்தில் என் அப்பாவின் பெயரும் இருந்தது. ஆய்வாளரின் உறவினரை ஆய்வில் சேர்க்கக்கூடாது என்பது விதி. பேனாவை எடுத்து ஒரே கோட்டில் வெட்டினேன். என் பேராசிரியை கிர்ஸ்டனிடம் சொன்னபோது, "மிகச் சரி" என்றார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வளைய ஆறு மாதம் எடுத்தது. அவர் வாயால் மெச்சியது அன்றைக்குத்தான் முதல் தடவை. பெருமையாக இருந்தது என்பதை இப்போது சொல்லக் கூசுகிறது.

அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுகளில் வீடியோவில் வருவார். திரையில் அவருடைய நெற்றியும் மேலே சுழலும் காற்றாடியும் மட்டும்தான் தெரியும். ஒரு ஞாயிறு கேட்டார்:

"ஊர்ச்சனம் முழுக்க உன்ரை கேள்வியைப் பற்றித்தான் கிளினிக்கில கதைக்குது. என்னட்டை மட்டும் ஒண்டும் கேக்கேல்லை. நான் பாஸ் பண்ணமாட்டன் எண்டோ?"

"சொந்தக்காரரைக் கேக்கக்கூடாதப்பா. அது சட்டம்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப சரி. நானும் கடையில கொம்மாவை, சொந்தப் பெண்சாதியை, வரிசையில விட்டுத்தான் சாமான் குடுத்தனான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது அவருடைய இடது பாதத்தில், பழைய சீலையால் சுற்றியபடி, ஆணி குத்திய புண் இருந்தது. உணர்ச்சி மரத்துப்போன கால், நோகவில்லை. அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்குப் பல்கலைக்கழகத்தில் முக்கியமான உரை இருக்கிறது, அது முடியும்வரை மூச்சுவிடக்கூடாது என்று அப்பா அம்மாவின் வாயைக் கட்டிவிட்டார். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு நல்லதை மட்டும் சொல்வதுதானே எங்கள் வீடுகளின் வழக்கம்.

உரை நன்றாகப் போனது. பாதப் பராமரிப்பைப் பற்றித்தான் பேசினேன். ஊருக்குத்தான் உபதேசம். மறுநாள் மத்தியானம் அம்மா எடுத்தார்.

"பிள்ளை, பதறாதை. அப்பான்ரை காலை முழங்காலுக்குக் கீழை எடுத்திட்டினம்."

"ஏனம்மா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"உன்னட்டைச் சொல்லுங்கோ எண்டு நான் அவருக்குச் சொன்னனான். 'அவள் ஆராய்ச்சியில கேட்டா மறைக்கமாட்டன், அதில பொய் எழுதக்கூடாதெல்லே' எண்டவர். நீ எடுப்பாய், எடுப்பாயெண்டு முதல் பாத்துக்கொண்டிருந்தவர். பிறகு சட்டமெண்டு சொல்லிப்போட்டாய்."

கிர்ஸ்டனிடம் லீவு கேட்கப் போனேன். அழுதுகொண்டே, "பிழை என்னுடையது" என்றேன். அவர் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு மிகவும் மென்மையாகப் பேசினார். "இல்லை. நீங்கள் விதியைச் சரியாகப் பின்பற்றினீர்கள். அவர் வளர்ந்த மனிதர், அது அவர் எடுத்த முடிவு." நல்ல மனுஷி, ஒரு சொல்லிலும் குறை சொல்ல முடியாது. எனக்கு அன்று வேண்டியிருந்தது ஒரு ஏச்சு. ஊரில் யாராவது, "பெத்த தேப்பனைக் கேக்கிறதுக்கும் சட்டமோடி உனக்கு?" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருப்பார்கள், நானும் வாய்விட்டு அழுதிருப்பேன். இங்கே என்னை மன்னிப்பதற்குக்கூட ஒரு குற்றம் இருக்கவில்லை. விதி ஆய்வுக்குத்தான், மகளுக்கு அல்ல. இது யாரும் சொல்லித் தெரியவேண்டிய விஷயமா? தெரியவில்லையே எனக்கு.

மூன்று வாரம் அப்பாவோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். வந்த முதல் ஞாயிறு வினாத்தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு அவருக்கு எடுத்தேன்.

"அப்பா, இண்டைக்குக் கேள்வி கேக்கப் போறன்."

"சட்டம் மாறிட்டுதோ?"

"ஓம்."

தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முழுப்பெயர், வயது, எத்தனை வருடமாகச் சீனி வருத்தம் என்று ஒன்றும் விடாமல் ஒழுங்காகச் சொன்னார். அடுத்த கேள்வி அச்சில் எப்படி இருந்ததோ, பழக்க தோஷத்தில் அப்படியே வாசித்துவிட்டேன்: "இண்டைக்கு ரெண்டு பாதத்தையும் பாத்தனீங்களோ?"

"இருக்கிறதைப் பாத்தனான்."

பேனாவை எடுத்தேன். அவர் கைபேசியை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார்.

"என்ன பிள்ளை, எழுதினியோ?"

"எழுதினனான், அப்பா" என்றேன். எந்த நாட்டுக் கணக்கிலும் சேராத அந்தத் தாளில், அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன்.