முப்பத்தைந்து டிகிரியில் ஸ்டெல்லா டீச்சர்

வினிகர் வாசனை. அதோடு கொஞ்சம் ஃபார்மலின். அதற்கும் மேலே வெந்நீரின் ஆவி…

எண்பதுகளின் நடுவில், திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறைக் கதவைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நகரியில் தறிக்காரர் வீட்டுப் பெண். நர்சிங் முடித்து அங்கே வேலையில் இருந்தேன்.

மொத்தமே இரண்டு மெஷின். மெஷின் என்றால் இன்றைக்கு இருப்பது போல அல்ல. பெரிய ஸ்டீல் தொட்டி. அதில் தண்ணீர் நிரப்பி, வினிகர் வாடையடிக்கும் மருந்துக் கரைசலை ஊற்றிக் கலக்கி, ஹீட்டர் போட்டு உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தெர்மாமீட்டர் முப்பத்தேழைத் தொட்ட பிறகுதான் நோயாளியை இணைப்போம். மெல்லிய சவ்வுக்கு ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் இந்தத் தண்ணீர். ரத்தத்தின் கழிவெல்லாம் மெல்ல மெல்லத் தண்ணீருக்கு வந்துவிடும்.

கிட்னி இரண்டும் செயலிழந்து, வாரம் இரண்டு முறை சித்தூரிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் வருவார். மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்தியவர். கணவர் ஜெயராஜ் லீவு போட்டுவிட்டுக் கூடவே வருவார்.

மூன்றாவது மணி நேரம் வந்தால் நான் அவர் கட்டிலை விட்டு நகர மாட்டேன். டீச்சர் முதலில் கொட்டாவி விடுவார். அப்புறம் வியர்வை… அப்புறம் கண் செருகும். பிரஷர் தடதடவென்று இறங்கும். கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, சலைன் ஏற்றி, கெண்டைக்காலைப் பிடித்துவிட்டு ஆளை மீட்டு எடுப்போம். ஜெயராஜ் அவரை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்.

ஒருநாள், ஜெயராஜ் டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் டீச்சர் என் கையைப் பிடித்தார்.

“வசந்தா, அடுத்த வாரத்திலேர்ந்து நான் வரல. இவர்கிட்ட இன்னும் சொல்லல.”

“நிறுத்துனா என்ன ஆவும்னு தெரியும் இல்ல, டீச்சர்?”

“தெரியும்மா. ஆனா வாரத்துக்கு ரெண்டு தபா செத்து செத்து எய்ந்துக்கினு இருக்கேன். போதும்.”

“எனக்காக இன்னும் ஒரே ஒரு தபா வாங்க” என்று மட்டும் கேட்டேன்.

வந்தார். அன்றைக்குப் பார்த்து கரண்ட்டில் வோல்டேஜ் இல்லை. ஹீட்டர் சூடேறவே மாட்டேன் என்கிறது. முப்பத்தைந்தில் நின்றுவிட்டது. காத்திருந்தால் அவர்களுடைய கடைசி பஸ் போய்விடும். ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் தெலுங்குக்காரர்.

“முப்பத்தஞ்சா? பர்வாலேது. ஸ்டார்ட் பண்ணு. சலி வேஸ்தே கம்பளி போத்து.” பரவாயில்லை, குளிரெடுத்தால் கம்பளி போர்த்து, அவ்வளவுதான் என்றார்.

குளிரத்தான் செய்தது. டீச்சருக்குப் பல் தந்தியடித்தது. இரண்டு கம்பளி போர்த்தினேன். ஜெயராஜ் அவர் பாதங்களைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது மணி நேரம். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். நூற்றுப் பத்து. கால் மணி கழித்துப் பார்த்தேன்… நூற்றுப் பத்து.

ஜன்னல் வழியே சாயங்கால வெயில் மஞ்சளாகச் சரிந்து தொட்டித் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. பம்ப் ஒரே சீராகச் சுற்றியது. டீச்சர் கண் மூடியிருந்தார். ஆனால் கம்பளிக்கு வெளியே ஒரு விரல் மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. காது கொடுத்துக் கேட்டேன். பாட்டு! உதட்டுக்குள் ஏதோ ஒரு பாட்டு… அந்த அறையே எங்கேயோ மிதந்துகொண்டு போவதுபோல இருந்தது எனக்கு.

முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, தானே செருப்பை மாட்டிக்கொண்டார். தூக்க நீட்டிய ஜெயராஜின் கைகள் நீட்டியபடியே நின்றன.

டாக்டருக்குச் சந்தோஷம் பாதி, சந்தேகம் பாதி. தண்ணீர் சூடாக இருந்தால் தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கும், குளிர்ந்தால் சுருங்கித் தாங்கும் என்று வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படித்திருக்கிறாராம். ஆனால் குளிர்ந்த தண்ணீரில் ரத்தம் அதே அளவு சுத்தமாகுமா? அதைப் பார்க்க, ஒருநாள் முப்பத்தேழு, ஒருநாள் முப்பத்தைந்து என்று மாற்றி மாற்றி வைத்து, முன்னும் பின்னும் ரத்தத்தில் கழிவு எவ்வளவு என்று யூரியா டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார். முப்பத்தேழு என்றால் மறுபடி மயக்கம்தான். டாக்டரே டீச்சரிடம் வந்து கேட்டார்.

“செய்ங்க. பக்கத்து பெட்டுக்காரருக்கும் ஒதவும் இல்ல?” என்றார் டீச்சர்.

முப்பத்தேழு வைத்த நாட்களில் மயங்கினார். முப்பத்தைந்தில் மயங்கவில்லை. யூரியா இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இறங்கியிருந்தது. அன்றோடு டீச்சருக்கு முப்பத்தைந்துதான் என்று முடிவாயிற்று.

பக்கத்து பெட்டுக்காரர் காளஹஸ்தியிலிருந்து வரும் ரிட்டையர்டு கண்டக்டர். “ஐஸ் பொட்டியில வெச்சா மாதிரி கீதும்மா, எனக்கு வேணாம்!” என்று ஒரே ரகளை. அவரோடு முப்பத்தாறில் ராஜி ஆனோம்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு சித்தூர் போயிருந்தேன். சர்ச்சில் பாட்டுக் குழுவுக்கு முன்னால் டீச்சர் கை வீசிக்கொண்டு, கடைசிப் பாட்டுவரை நின்றார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

அப்புறம் மூன்றரை வருஷம் வந்தார். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, சித்தூரிலேயே போய்விட்டார். ஜெயராஜ் இதைச் சொல்வதற்கென்றே பஸ் ஏறி வந்தார். டீச்சர் படுத்திருந்த கட்டிலின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“மூணரை வருசமும் அவ நடந்தேதான் வூட்டுக்கு வந்தா, சிஸ்டர்” என்றார்.

போன மாதம் என் நாத்தனாருக்குத் துணையாக ஒரு டயாலிசிஸ் சென்டருக்குப் போனேன். பன்னிரண்டு மெஷின். ஏசி. சத்தமே இல்லை. ஒரு சின்னப் பெண் வந்து திரையைத் தொட்டாள், 35.5 என்று வந்தது.

“ஏம்மா கம்மி பண்ற?” என்று தெரியாதவள் போலக் கேட்டேன்.

“பிபி டிராப் ஆவாம இருக்க, ஆன்ட்டி. நார்மல்தான் இது.”

நார்மல்தான்… எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஸ்டெல்லா டீச்சரைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அதற்குள் நாத்தனார் கண் விழித்து, “பசிக்குது வசந்தா, கீழ இட்லி கெடைக்குமா?” என்றாள்.