கிறிஸ்துநாயகம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றைப் பேசி முடித்த விதம்

ரொறன்ரோப் பக்கம் மில்லிக்கனில் ஒரு தளபாடக் கிடங்கில் சாமான் தூக்கும் போர்க்லிப்ற் வண்டி ஓட்டும் கிறிஸ்துநாயகத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. பிறந்தது மன்னார். வீடு அஜின்கோர்ட். மனைவி எமில்டா. கொலஸ்ரரோல் ஊரில் எல்லாருக்கும் உள்ள அளவு. குறை ஒன்றே ஒன்றுதான்: பத்தொன்பது வருடம் தமிழ்ச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தும், ஒருநாளாவது அவர் கையில் ஒலிவாங்கி கொடுக்கப்படவில்லை. ரொறன்ரோவில் ஒரு தமிழனுக்கு இப்படி நேர்வதை வைத்தியர்களே கண்டதில்லை.

போன கோடையில் ஸ்ரௌவ்வில்லில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில், இலங்கையின் 1911ஆம் ஆண்டு விபரங்கள் அடங்கிய பழைய புத்தகம் ஒன்று அகப்பட்டது. அன்றோடு மனுசன் 1911க்குக் குடிபெயர்ந்துவிட்டார்.

"எமில்டா, சனத்தொகை எண்ணி முடிஞ்சுது! நாப்பத்தொரு லட்சம்!"

"அதில ஒராள் இன்னும் சாப்பிடேல்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு வாங்கோ."

தொல்லை தாங்காமல் சங்கத் தலைவர் சிவபாதம் ஆண்டு விழாவில் இருபது நிமிடம் ஒதுக்கினார். நாலு மணிக்கு அவருடைய சிறப்புரை. ஐந்து மணிக்கு மண்டபத்தை விட வேண்டும். அடுத்தது யாரோ பிள்ளையின் பிறந்தநாள்.

விழா தொடங்கியது. குத்துவிளக்கில் திரி ஐந்து. மேடைக்கு அழைக்கப்பட்டோர் இருபத்துமூவர். ஒருவரையும் மனம் நோகப் பண்ணக் கூடாதென்பது சங்கத்தின் யாப்பு விதி. ஆகவே எரிந்த திரிகளை மறைவில் ஊதி நூத்து நூத்து, மற்றவர்களையும் ஏற்ற விட்டார்கள். பிறகு ஒன்பது வாழ்த்துரை. ஒவ்வொருவரும் "நேரம் போதாமையால் சுருக்கமாக" என்று தொடங்கி, அந்தப் போதாமையைப் பற்றியே பத்து நிமிடம் பேசினார்கள். அதற்குப் பிறகு பொன்னாடை. போர்த்தியவருக்கும் போர்த்தினார்கள்.

கிறிஸ்துநாயகத்தின் பெயர் கூப்பிடப்பட்டபோது மணி நாலு ஐம்பத்தாறு.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. நாலு நிமிசம்," என்றார் சிவபாதம்.

"தம்பி, ஒரு வருசமெல்லோ!"

"அப்ப லீப் வருசம் இல்லாதது நல்லதாப் போச்சு."

கிறிஸ்துநாயகம் ஒலிவாங்கியைப் பிடித்தார். கிடங்கில் லொறி வந்து நிற்கும்போது சாமான் இறக்குகிற வேகத்தில் வருடத்தை இறக்கினார். ஜனவரி தொலைந்தது. மார்ச்சில் தலை எண்ணினார்கள். ஜூனில் லண்டனில் ஐந்தாம் ஜோர்ஜுக்கு முடி; கொழும்பில் தோரணம். நித்திரையில் இருந்தவர்கள் எழும்பினார்கள். சங்க வரலாற்றில் முதல்முறையாக ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது!

"டிசம்பரில தேர்தல்! படிச்ச இலங்கையருக்கெண்டு முழுத்தீவுக்கும் ஒரேயொரு ஆசனம்! எங்கட செயற்குழுவிலயே பதினேழு! அதில வெண்டது…"

ஒலிவாங்கி செத்தது. மண்டபக்காரர் மின்சாரத்தை நிறுத்திவிட்டார். வாசலால் பலூன்கள் உள்ளே வந்தன.

கிறிஸ்துநாயகத்தின் முகம், போட்ட வாக்கு செல்லாதென்று சொல்லப்பட்டவனின் முகம் போலாயிற்று. பதினொரு மாதம் பேசியாயிற்று. கையில் ஒரு மாதம் மிச்சம்.

வெளியே கார்த் தரிப்பிடத்தில் சனம் போகவில்லை.

"அண்ணை, ஆர் வெண்டது?" என்று கத்தினார் பஸ்ரியன். காரைக் கண்டால் பாய்ந்தேறி வீட்டுக்குப் பறக்கிற ஆள்.

கிறிஸ்துநாயகம் வெயிலில் ஒரு பால்பெட்டியைக் கவிழ்த்து ஏறினார். "எங்கட தமிழர் இராமநாதன்!"

நேற்றிரவு எண்ணின வாக்கு மாதிரி ஆரவாரம். பிறந்தநாளுக்கு வந்தவர்களும் ஏனென்று தெரியாமல் கைதட்டினார்கள்.

"எனக்கும் அப்ப வாக்கு இருந்திருக்குமோ?" என்றார் பஸ்ரியன்.

"உமக்கோ? இங்கிலீசு படிச்ச ஆம்பிளையள் கொஞ்சப்பேருக்குத்தான். உமக்கில்லை. எனக்குமில்லை."

"பொம்பிளையளுக்கு?" என்றார் கூட்டத்தில் நின்ற ரதி அன்ரி.

"இல்லை."

அவ்வளவுதான். நூறு வருடத்துக்கு மேல் பொறுத்திருந்த கோபம் அந்தத் தார்வெளியில் கொதித்தது.

"உந்தத் தேர்தல் செல்லாது! திரும்ப வையுங்கோ! இப்பவே!"

வைத்தார்கள். ஒரு ஆசனம், இரண்டு வேட்பாளர்: சிவபாதமும், பால்பெட்டியில் நின்ற கிறிஸ்துநாயகமும். சட்டம் தெரியாததால் பிறந்தநாள்காரரும் கை தூக்கினார்கள். தொண்ணூற்றிரண்டு வாக்கால் 1911இன் ஆசனம் கிறிஸ்துநாயகத்துக்கே போயிற்று.

சிவபாதத்துக்கு விழுந்தது ஒரேயொரு வாக்கு. போட்டவர் எமில்டா.

"என்னப்பா இது?" என்றார் வென்றவர்.

"மார்ச் மாதத்தை மாத்திரம் நான் நாப்பது தரம் கேட்டிட்டன். எதிர்க்கட்சி எண்டு ஒண்டு வேணுமெல்லோ?"

வென்றவர் தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, தொண்டையைச் செருமி, டிசம்பர் மாதத்தை முதலாந் தேதியிலிருந்து ஆறுதலாகத் தொடங்கினார்.