எந்த வரி சிவப்பு?

எண்பதுகளில் வந்த பழைய கம்ப்யூட்டர்களுக்கு அசெம்பிளி மொழியில் புரோகிராம் எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நானும் அந்தப் பைத்தியங்களில் ஒருத்தி. திருத்தணியில் என் வீட்டிலிருந்தே, அந்த மொழிக்காக புரோகிராம் எழுதும் எடிட்டரில் சேர்த்துக்கொள்ளும் ஒரு நீட்சியை, அதாவது எக்ஸ்டென்ஷனை, எழுதி இலவசமாக வெளியிட்டேன். சரியான வரி பச்சையாகவும் தப்பான வரி சிவப்பாகவும் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து அதைப் பயன்படுத்தும் தறி மெக்கானிக் ஒருவர், "தப்பு எங்க இருக்குன்னே தெரியலைங்க" என்று இரண்டு முறை எழுதினார். எரிச்சலில், "முதலில் கண்ணை டெஸ்ட் பண்ணுங்கள்" என்று பதில் போட்டேன்.

"பண்ணிட்டேங்க. பொறந்ததிலிருந்தே எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான்" என்று எழுதி, போன் நம்பரும் கொடுத்திருந்தார்.

கூச்சத்தோடு அழைத்தேன். அவர் மனைவி எடுத்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"ஐய, அதுக்கு இன்னாங்க! நான்தான் பக்கத்துல உக்காந்துகினு எந்த வரி சிவப்புன்னு சொல்லுவேன். எனக்கு அது ஒண்ணும் புரியாது. ஆனா புரோகிராம் ஓடும்போது அவரு மூஞ்சப் பாக்கணுமே!"

அன்றே, தப்பான வரியின் கீழ் நெளிகோடு விழும்படி மாற்றி அவருக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் அவரே அழைத்தார்.

"மேடம், ஏழாவது வரியில தப்புங்க! நானே கண்டுபிடிச்சேன்!"

தன் தப்பை இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. என் தப்பைப் பற்றி அவர் கடைசிவரை பேசவே இல்லை. அதை நானாகத்தான் இங்கே எழுதுகிறேன்.