அன்பரசனின் உயிரணுக்கள்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதும் கொளஞ்சிக்கு, கணவர் அன்பரசன் இறந்து இரண்டு வருடம் கழித்து அந்த போன் வந்தது. பேசியவள் இளமதி, சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருப்பவள். ஆபரேஷனின்போது அன்பரசன் போட்டுக்கொடுத்த கையெழுத்தின்பேரில் அவருடைய கட்டியிலிருந்து பிரித்த செல்கள் இன்னும் உயிரோடு வளர்கின்றன, அவற்றை மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கும் கொடுக்க வீட்டாரின் சம்மதம் வேண்டும் என்றாள்.

அன்பரசன் ஆட்டோ ஓட்டியவர். எதிரே வரும் பஸ் இரண்டாகத் தெரிகிறது என்றபோது, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தார்கள். ஸ்கேனில், மூளையைத் தாங்கும் மண்டையோட்டின் அடியெலும்பில் கட்டி. மூக்கு வழியாக எடுத்தார்கள். ஒரே வருடத்தில் திரும்ப வளர்ந்து ஆளைக் கொண்டுபோய்விட்டது. மணிமுத்தாற்றங்கரையில் எரித்து, சாம்பலையும் கரைத்தாயிற்று.

'இன்னும் உயிரோடு' என்றது கொளஞ்சியை விடவில்லை. பாதிக் கண் எழுதியபடி தூரிகை நின்றுவிடும். எங்கோ ஓர் அறையில் அவர் கிடக்கிறார், நாம்தான் போய்ப் பார்க்காமல் இருக்கிறோம் என்று தோன்றும். அதையும் வாங்கிவந்து எரித்துவிடுவதென்று ரயிலேறினாள்.

இளமதி மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். நுரை அடைத்ததுபோல் குமிழ் குமிழாகச் செல்கள். இந்த வகைக் கட்டியின் செல்கள் உடம்புக்கு வெளியே பிழைப்பதே அபூர்வமாம்.

"இது அவருங்களா, அவரக் கொன்னதுங்களா?" என்று கேட்டாள் கொளஞ்சி.

இளமதி நாற்காலியை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தாள். "ரெண்டும்தாங்க. அவரோட செல்லுதான் கெட்டுப்போயி கட்டியாச்சு."

மருந்து ஊற்றினால் சிலது சாகிறது, மிச்சம் ஏன் சாகவில்லை என்றுதான் தேடுகிறார்கள் என்று விளக்கினாள்.

செல்களை வளர்க்கும் பெட்டியின் உள்கண்ணாடியில் கொளஞ்சி கை வைத்தாள். உடம்புச் சூடு. கடைசியாக அவர் பாதத்தைத் தொட்டபோது சில்லிட்டிருந்தது. கையை எடுக்க வெகுநேரமாயிற்று.

பிறகு, எரிக்கக் கேட்காமலே சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள். "எல்லாம் சாவுற மருந்து கெடச்சா ஒரு போன் பண்ணுங்க. அன்னைக்கி அவரு சாவுக்கு நான் தல முழுவணும்."

போன் இன்னும் வரவில்லை. அமாவாசைக்குப் படையல் போடும்போது, செத்தவருக்குத்தானா இது என்று அவள் கை இலைமேல் நின்றுவிடுகிறது.