பெண்கள் பக்கம் முடிந்த பிறகு

நூர்முகமது காலமாகி நாலு வருஷமாகியும், அவர் எடுத்து முடிக்காத படத்தைக் கேட்டு யாரும் வந்ததில்லை. முதலில் வந்தவள் சிநேகா. சென்னையில் பழைய படங்களைத் தேடிப் பத்திரப்படுத்தும் குழுவில் இருக்கிறாள். அவருடைய குறும்படம் ஒன்றை எங்கோ பார்த்துவிட்டு, செங்கல்பட்டில் வீடு விசாரித்து, டேப் பிளேயரும் லேப்டாப்புமாக அவர் மனைவி ஷரீபுன்னிசாவின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

பீரோ மேலிருந்து இறக்கிய டப்பா நிறைய சின்னச் சின்ன வீடியோ டேப்புகள். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த சிநேகாவின் முகம் சுருங்கியது.

"பூஞ்சை பிடிச்சிருக்கு ஆன்ட்டி. ஒரு தடவை ஓடுனாலே பெரிசு. அப்பவே முழுசா காப்பி எடுத்துடணும்."

"முழுசாவா? அதுல பொண்ணுங்க பக்கம் கீது."

புருஷனும் பெண்டாட்டியுமாகக் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவர்கள். ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் ஷரீபுன்னிசா. முக்காடு நழுவ, தலை பின்னிக்கொண்டும் மாமியாரைக் கேலி பண்ணிக்கொண்டும் அந்தப் பெண்கள் கூசாமல் இருந்தார்கள் என்றால், வேற்று ஆண் கண்ணில் படாது என்று இவள் கொடுத்த வாக்குதான் காரணம். பெண்கள் பக்கத்து எடிட்டிங்கும் இவளேதான். கல்யாணம் போக இடம் மிஞ்சிய இவளுடைய டேப்புகளை நூர்முகமது மாமல்லபுரத்துக்கு எடுத்துப்போவார். அங்கே ஒரு லாட்ஜில் அறை பெருக்கும் மார்கரெட்டையே கதாநாயகியாக வைத்துப் படம் எடுத்தார். இவள் கொடுத்த வாக்குக்காக டேப்பைப் பின்னால் சுற்றிப் பார்த்ததில்லை. இவளுக்கும் தன் படத்தைக் காட்டியதில்லை. "முடிச்சிட்டுக் காட்றேன்" என்பார்.

ஷரீபுன்னிசா இப்போது கல்யாணங்களுக்கு மருதாணி வைக்கப் போய்ப் பிழைக்கிறாள். பெரும்பாலும் அதே வீடுகளுக்கு.

"நான் பொண்ணுதானே ஆன்ட்டி? நானே பாத்து வெட்டிடுறேன்."

"நீ வெட்டுவ. உன் பொட்டியில ஏறுனது அப்பால எங்கெங்க போவும்னு உனுக்கே தெரியுமா?"

சிநேகா பிளேயரின் ஒயரை லேப்டாப்பில் செருகினாள்.

"நானே உக்கார்றேன். பொண்ணுங்க பக்கம் முடிஞ்சதும் உன் பொட்டியில காப்பி பட்டனத் தட்றேன். அதுவரிக்கும் டேப்பு சும்மா ஓடட்டும். நீ வாசல்ல இரு."

"லேட்டாத் தட்டுனா படம் போயிடும்."

"சீக்கிரம் தட்டுனா மானம் போயிடும். போம்மா."

டேப் ஓடியது. நாத்தனார் ஹாதியாவின் கல்யாணம். கூடுவாஞ்சேரியில் இன்று கண்டிப்பான டீச்சரம்மா, திரையில் வாய் நிறைய பிரியாணியோடு சிரிக்கிறாள். பிளேயர் கிறீச்சிட்டது. ஷரீபுன்னிசாவின் விரல் பட்டன்மேலேயே இருந்தது, வியர்த்து வழுக்கியது.

மணப்பெண் அழுதாள், காரில் ஏறினாள், கதவு மூடியது. இனி திரை கறுக்கும், அப்போது தட்டலாம் என்று காத்திருந்தாள்.

கறுக்கவில்லை. ஒரு வராந்தா வந்தது. பின்னால் வெள்ளை வெயில், கடல் சத்தம். ஒரு கை பூட்டில் சாவியை நுழைத்தது. கல்யாணம் நின்ற இடத்திலேயே அவர் ஒட்டி ஆரம்பித்திருக்கிறார். அது புரிந்து பட்டனைத் தட்டுவதற்குள் அந்தக் கதவு திறந்து, மார்கரெட் உள்ளே போய்ப் படுக்கை விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள்.

"சிநேகா! வந்துடுச்சு, வா!"

ஓடிவந்தவள் திரையைப் பார்த்ததும் கேட்டாள்: "இதுக்கு முன்னாடி ஏதாவது இருந்துச்சா?"

"சாவி போட்டு கதவத் தொறந்தா. அது ஏறல."

"ஐயோ, அதானே முதல் ஷாட்டு! நிறுத்துங்க, கொஞ்சம் பின்னால சுத்திடலாம்."

பிளேயர் மறுபடியும் கிறீச்சிட்டது. படம் கோடு கோடாக நடுங்கி நின்றது. பின்னால் சுற்றி டேப் அறுந்தால் மிச்சமும் போகும். சிநேகாவின் கை நீண்டது. ஷரீபுன்னிசா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடட்டும்."

"ஆன்ட்டி, அந்தக் கதவு..."

"கதவு தொறந்தேதான் கெடந்துச்சுன்னு வெச்சிக்கோ."

மார்கரெட் விரிப்பை உதறினாள். கேமரா பக்கத்திலிருந்து நூர்முகமதுவின் குரல்: "மெதுவா மார்கரெட்டு, யாரும் உன்னத் தொரத்தல." டேப் அறுந்துபோகாமல் கடைசிவரை ஓடித் தீர்ந்தது.

சிநேகா அடுத்ததை எடுத்துக் கொடுத்தாள். "இது யார் கல்யாணம்?"

"அது உனுக்கு இன்னாத்துக்கு? வெளிய போ."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பட்டன்மேல் விரலை வைத்தாள். இந்தத் தடவை திரை கறுக்கட்டும் என்று அவள் காத்திருக்கப் போவதில்லை.